நெல்லைச் சீமையில் கூதிர்காலம் வந்துவிட்டதா?

டொரன்டோவில் வேலை பார்க்கும் நம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "இங்கே மேப்பிள் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கிவிட்டது. ஊருக்குப் போன் போட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். செங்கோட்டையில் அத்தை, சாயங்காலம் ஆனால் இடியும் மழையும் என்கிறாள். பாளையங்கோட்டையில் அண்ணன், வெக்கை தாங்கவில்லை என்கிறார். கோவில்பட்டியில் மாமா புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் இலையுதிர்காலம் வந்துவிட்டதா இல்லையா? யார் சொல்வது சரி?"

தம்பி, மூன்று பேரும் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். அம்பாசமுத்திரம் பக்கம், திசையன்விளை பக்கம், கோவில்பட்டி பக்கம் என்று மூன்று மண்ணிலும் வேலை பார்த்துவிட்டு இப்போது கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். மாடியில் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். இன்றைக்குப் புரட்டாசி 20. மலையடிவாரத்தில் கூதிர்காலம், அதாவது வாடையும் மழையும் சேர்ந்து வரும் ஐப்பசி கார்த்திகைப் பருவம், வாசல்படி வரை வந்து நிற்கிறது. பாளையங்கோட்டையில் இன்னும் வரவில்லை. கரிசலுக்கு வர இரண்டு வாரம் ஆகலாம். சரி, எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த 'இலையுதிர்காலம்' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடுவோம். குளிர்நாட்டுப் பருவத்தைப் பாடப்புத்தகத்தில் சொல்வதற்கு அது நல்ல சொல். நம் மண்ணில் அதைத் தேடினால் தப்பான மாதத்துக்குப் போய்விடுவீர்கள். நம் ஊரில் இலை உதிர்வது மாசியிலும் பங்குனியிலும். மாசி பிறந்ததும் வேப்பமரத்தடியைப் பாருங்கள். காலையில் பெருக்கிய வாசல் பத்து மணிக்கெல்லாம் பழுத்த இலையாகக் கிடக்கும். அரசமரம் மொட்டையாக நிற்கும். அப்புறம் கொஞ்ச நாளிலேயே செம்பு நிறத்தில் கொழுந்து விட்டு, சித்திரை வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூ வந்துவிடும். இதே மரங்கள் ஐப்பசி கார்த்திகையில் கழுவிவிட்ட மாதிரி பச்சையாக நிற்கும்.

காரணம் எளிது. உங்கள் ஊரில் பகல் குறைகிறது. வெயிலின் வலு குறைகிறது. அடுத்து மண்ணில் தண்ணீர் உறையப் போகிறது. அந்த நிலைமையில் இலையை வைத்துக்கொண்டிருப்பது மரத்துக்கு நஷ்டம். இலையில் இருக்கும் பச்சையத்தைப் பிரித்து, அதிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சில மரங்கள் அந்த நேரத்தில் சிவப்பையும் புதிதாக உண்டாக்குகின்றன. நம் ஊர் மரத்துக்குப் பனிப் பயம் கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே பயம் தண்ணீர்ப் பயம். கார்த்திகையோடு மழை ஓய்ந்து, தை முழுக்கக் காய்ந்து, மாசியில் ஈரம் கீழே இறங்கிவிடும்போது மரம் இலையைக் கொட்டுகிறது.

பழைய தமிழ்க் கணக்கில் வருடத்துக்கு ஆறு பொழுது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. அப்புறம் இளவேனில், முதுவேனில். உங்கள் ஊர் இலையுதிர்காலத்துக்கு நேராக நம் கணக்கில் நிற்பது கூதிர். குளிர்ந்த வாடையும் மழையும் சேர்ந்த காலம் அது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி கூதிர் வந்துவிட்டதா என்பதுதான்.

இதற்குத் தெர்மாமீட்டரும் அவ்வளவாக உதவாது. ஒரு கணக்கு சொல்கிறேன். வெளிநாட்டு வானிலைக்காரர்கள் செப்டம்பர் 1ஆம் தேதி இலையுதிர்காலம் தொடங்குவதாக வைத்திருக்கிறார்கள். நம் திருநெல்வேலி கிட்டத்தட்ட 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வரும். ஒன்று பங்குனிக் கடைசியில். இன்னொன்று ஆகஸ்ட் 30, 31 வாக்கில், அதாவது ஆவணிப் பாதியில். அன்றைக்குப் பகல் 12.20 சுமாருக்கு முற்றத்தில் ஒரு உலக்கையைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், நிழலே விழாது. பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்தி இதைக் காட்டியிருக்கிறேன். "சார், நிழலைக் காணோம்" என்று ஒரு பையன் கம்பத்துக்குப் பின்னால் போய்த் தேடினான். லண்டனில் இலையுதிர்காலம் பிறக்கிற நேரத்தில் நமக்கு உச்சிச் சூரியன். பகல் பொழுதும் அப்படித்தான். லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரம், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நமக்கு நீளப் பகலுக்கும் குறும் பகலுக்கும் நடுவே ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். பாளையங்கோட்டையில் புரட்டாசிப் பகல் 36, 37 டிகிரிக்குப் போவது சாதாரணம். கார்த்திகையில் 30, 31க்கு இறங்கும். அந்த இறக்கம்கூட மழையும் மேகமும் வந்தபிறகு நடப்பது. மழையையும் மேகத்தையும் கொண்டுவருவது காற்று.

காற்றுத்தான் தம்பி நமக்குப் பஞ்சாங்கம்.

வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் நம் சீமையில் மேல்காற்று. கேரளத்துக்கு மழையாகப் பெய்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்று, மலையில் ஏறும்போது ஈரத்தை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அது உலர்ந்த காற்று. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஏறக்குறைய பத்து டிகிரி சூடாகும். அதனால்தான் ஆடியில் பாளையங்கோட்டையில் புழுதியும் வெக்கையும். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தோடு நுழைந்துவிடுவதால், ஐம்பது அறுபது கிலோமீட்டர் மேற்கே தென்காசியிலும் குற்றாலத்திலும் அதே நாளில் சாரல். ஒரே காற்றுதான், ஓர் ஊரில் சாரலாகவும் இன்னோர் ஊரில் புழுதியாகவும் வந்து சேர்கிறது.

இந்தக் காற்று நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பணகுடி பக்கம் போக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்கிற காற்றை நம்பி முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று நாற்கர சாலையின் இருபுறமும் காற்றாலை. ஆடியில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் அத்தனை இறக்கைகளும் மேற்கே பார்த்தபடி ஒரே வேகத்தில் சுற்றும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் காதுக்குள் மண். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனேன். வள்ளியூர் தாண்டியதும் பார்த்தால் பாதிக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறது. சுற்றுகிறதும் நினைத்துக்கொண்டு சுற்றுகிற மாதிரி. இரண்டு மூன்று இறக்கைகள் திசை தெரியாமல் வடகிழக்காகத் திரும்பி நின்றன. அதைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்து நோட்டில் 'மேல்காற்று ஓய்ந்தது' என்று எழுதினேன். நான் தேதி போட்டு வருவதில் மழைக்கு அடுத்து முக்கியமான குறிப்பு இதுதான்.

மேல்காற்று ஓய்ந்த அன்றே வாடை வந்துவிடாது. நடுவில் ஒரு இடைவெளி உண்டு. சில வருடம் ஒரு வாரம், சில வருடம் மூன்று வாரம். காற்று செத்துப்போய், மரத்தில் இலை அசையாது. வானம் வெளுத்து, வெயில் நேராக இறங்கும். சட்டை முதுகோடு ஒட்டும். 'புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்' என்று பெரியவர்கள் சொன்னது இந்த இடைவெளியைத்தான். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டி வீதி வீதியாகப் போகிறவர்களின் முகத்தில் சாயம் வழிந்து இறங்குவதும் இந்த வெக்கையில்தான். பாளையங்கோட்டையில் உங்கள் அண்ணன் இப்போது அனுபவிப்பது இது. அதை வெயில்காலம் திரும்பி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு காற்று போய் இன்னொரு காற்று வர வேண்டிய இடைவெளி, அவ்வளவுதான்.

அடுத்து வருவது கிழக்கேயிருந்து கொண்டல், அதற்கப்புறம் வடக்கேயிருந்து வாடை. வானிலை ஆய்வு மையம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கப் பார்க்கும் அடையாளங்களிலும் முக்கியமானது இதுதான்: தமிழகக் கரையோரம் கிழக்குக் காற்று நிலையாக வீசுகிறதா என்பது. தென்மேற்குப் பருவம் விலகியிருக்க வேண்டும், மழையும் பரவலாக இருக்க வேண்டும் என்று வேறு நிபந்தனைகளும் உண்டு. சராசரித் தொடக்க நாள் அக்டோபர் 20. நம் கணக்கில் அது ஐப்பசி 3. கூதிருக்கு ஐப்பசி முதல் தேதியைக் குறித்து வைத்தவர்களுக்கும் நூறு வருடத்துக்கு மேல் அளந்து சராசரி எடுத்தவர்களுக்கும் நடுவில் இரண்டு நாள்தான் வித்தியாசம். இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, இப்போது ஊர் ஊராகப் போவோம்.

செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், பாபநாசம் போன்ற மலையடிவாரங்களில் வாடை வருமுன்பே மழை வந்துவிடும். காலையில் சுள்ளென்று வெயில், இரண்டு மணிக்கு மலை மேல் கறுப்பு, நான்கு மணிக்கு இடி, ஏழு மணிக்கு வானம் வெறிச்சென்று நட்சத்திரம். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இதைத் துலாவர்ஷம் என்பார்கள். துலாம் என்றால் நம் ஐப்பசி. உங்கள் அத்தை பார்ப்பது அதன் முன்னோட்டம். சாரலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாரலில் இடி இருக்காது, நாள் முழுக்க முகத்தில் பூப்பூவாக விழும். இடி கேட்டால் காற்று மாறத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் இரண்டு பருவத்திலும் மழை. அங்கே எப்போது எது முடிந்து எது தொடங்கியது என்று கோடு போடுவதே சிரமம்.

எங்கள் தாமிரபரணிக் கரையில் வயலைப் பார்த்தாலே போதும். இன்றைக்கு நதியுண்ணிக்கால் பாசனத்தில் கார் நெல் அறுவடை முடிகிற நேரம். ஒரு வயலில் அறுத்த தாள் நிற்கிறது. வைக்கோலைப் படப்பாக ஏற்றிவிட வேண்டும் என்று பறக்கிறார்கள். அடுத்த வயலில் பிசானம் என்னும் அடுத்த போகத்துக்கு நாற்றுப் பாவியிருக்கிறார்கள். கார் நெல் மேல்காற்று மழையால் அணைக்கு வந்த தண்ணீரில் விளைந்தது. பிசானம் வாடை மழையில் விளையப் போவது. ஐப்பசியில் வயலைச் சேறாக்கித் தொளி அடித்து நடுகை முடிந்து, குளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி மறுகால் பாயும்போதுதான் எங்களுக்குக் கூதிர் முழுதாக வந்த மாதிரி.

கரிசல் வேறு உலகம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வற்றாத ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. வானம் ஒன்றுதான். மற்ற இடங்களில் ஆடிப்பட்டம் என்றால் அங்கே புரட்டாசிப் பட்டம். மழை பெய்தபிறகு விதைக்கலாமே என்று நினைப்பீர்கள். கரிசல் மண் நனைந்துவிட்டால் காலை வைத்தால் காலோடு வரும், மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அது காய்வதற்குள் நல்ல ஈரம் வீணாகிவிடும். அதனால் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறார்கள். உங்கள் மாமா செய்திருப்பது அதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விதை மேலாக விழுந்துவிட்டால் ஒரு தூற்றல் போட்டாலும் முளைத்துவிடும். அப்புறம் எட்டு நாள் வெயில் காய்ந்தால் முளை கருகிப்போகும். விதை, உழவு, கூலி அத்தனையும் போச்சு. ஆகவே சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விழும்படி விதைக்க வேண்டும். அப்போது 20, 25 மில்லிமீட்டர் மழை சேர்ந்து பெய்தால்தான் ஈரம் விதைக்குப் போய்ச் சேரும். அந்த அளவு மழை பெய்துவிட்டால் முளைத்த பயிர் அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும். கோவில்பட்டி பக்கம் நான் குடியிருந்த வீட்டுக்காரப் பெரியவர் புழுதியில் ஆள்காட்டி விரலைச் செருகிப் பார்ப்பார். விரலின் இரண்டாம் கணு வரை போனால்தான் அவருக்குத் திருப்தி. "மேல் மண்ணை நம்பினவன் மேல காத்தை நம்பினவன்" என்பார். அவருக்கு மில்லிமீட்டர் கணக்குத் தெரியாது. விரல் கணுவுக்கும் சென்டிமீட்டருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

கிழக்கே செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டில் அடையாளம் பனை. ஆடி ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்துவைத்து, இப்போது பாத்தி கட்டிப் புதைக்கிறார்கள். வாடை மழையில் அது வேர்விட்டு, பொங்கலுக்குப் பனங்கிழங்காக உங்கள் தட்டில் வரும். ஆடிக் காற்றில் நெளிந்து நகர்ந்துகொண்டிருந்த செம்மண் மேடுகள் அசையாமல் படுத்துவிட்டன. தூத்துக்குடி உப்பளத்தில் வாரிக் குவித்த அம்பாரங்களை மூட ஆரம்பித்தால் அதுவும் ஒரு அறிவிப்புத்தான். முன்பு பனை ஓலை, இப்போது தார்ப்பாய் அதிகம். மழை தொடங்கினால் தைக்கு அப்புறம்தான் மறுபடி உப்பு.

நம் சீமைக்கு வெளியே சுருக்கமாகச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவம் ராஜஸ்தானின் வடமேற்கு மூலையிலிருந்து செப்டம்பர் 17 வாக்கில் விலகத் தொடங்கி, அக்டோபர் 15 வாக்கில் நாடு முழுவதும் விட்டுப்போவது சராசரி. டெல்லிக்காரர்களுக்கு வானம் தெளிந்து விடியலில் இதமாக இருக்கும், அப்புறம் புகைமூட்டம் வந்துவிடும். வங்காளத்தில் இதைச் சரத் காலம் என்பார்கள். வெள்ளை நாணல் பூத்து நிற்க, துர்க்கா பூஜை வரும். நீங்கள் சொல்லும் நிறம் மாறும் இலையுதிர்காலம் இந்தியாவில் உண்மையாகப் பார்க்கக் கிடைப்பது காஷ்மீரில். அக்டோபர் கடைசியில் சினார் மரங்கள் சிவந்துவிடும்; அதே சமயத்தில் பாம்பூரில் குங்குமப்பூ எடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இப்போது வசந்தம். அவர்களுக்கு இலை உதிரும் காலம் மார்ச் முதல் மே வரை.

வளைகுடாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம் என்று நம் வீடுகளில் பாதிப் பேர் அங்கே இருக்கிறார்கள். அங்கே அக்டோபரிலும் பகல் வெயில் கடுமைதான். ஆனால் அரபு மக்கள் ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தென்கீழ் வானில் சுஹைல் என்ற நட்சத்திரம் தெரிந்ததும், கோடையின் முதுகு ஒடிந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அந்த சுஹைல் யார் தெரியுமா? நம் அகத்தியர்தான். பொதிகை மலையில் இருப்பதாக நாம் கும்பிடுகிறோமே, அவர் பெயரில் நாம் சொல்லும் அகத்திய நட்சத்திரமும் அவர்கள் சொல்லும் சுஹைலும் ஒன்றே. அகத்தியர் உதித்தால் மழையில் கலங்கிய தண்ணீர் தெளியும் என்று வடமொழி நூல்களிலும் உண்டு. வானத்தில் ஒரே புள்ளியைப் பார்த்து அவர்கள் வெக்கை தணிவதையும் இவர்கள் ஆறு தெளிவதையும் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பருவம் எப்போது முடியும் என்பதில் மட்டும் யாரும் அடித்துப் பேசக்கூடாது என்பது என் அபிப்பிராயம். 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்ற பழமொழியை நானே வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 2023இல் டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குமரிக்கடல் பகுதியில் நின்ற மேலடுக்குச் சுழற்சி நகராமல் அதே இடத்தில் சுற்றியதன் விளைவு. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. என் மழைமானி இரவிலேயே நிரம்பி வழிந்துவிட்டது. அதைக் காலி செய்து மறுபடி வைக்க டார்ச்சோடு மாடிக்கு ஏறினேன். அந்த இருட்டில் ஆற்றின் இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பழமொழியை நான் சொல்வதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கே வருகிறேன். இன்று காலை மழைமானியில் 11 மில்லிமீட்டர். நேற்று சாயங்காலம் பொதிகை மேல் கட்டிய இடிமழை அது. காற்று இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. ஆனால் விடியலில் தெருவில் நடக்கும்போது இடது கன்னத்தில் லேசாக ஒரு குளிர்ச்சி பட்டது. தெற்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஆக, அது கிழக்கேயிருந்து வந்த காற்று. இரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை, நின்றுவிட்டது. வயல்மேட்டில் தட்டான்கள் தாழப் பறக்கின்றன.

அத்தையைச் சாயங்காலம் துணி காயப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள், மின்னும்போது முற்றத்தில் நிற்கவும் வேண்டாம். அண்ணன் இன்னும் பத்துப் பதினைந்து நாள் பொறுக்க வேண்டியிருக்கும். மாமாவிடம் விதை எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்று மறக்காமல் கேளுங்கள். விரலில் இரண்டு கணு ஆழம் இருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கலாம். மேலாக விழுந்திருந்தால், சின்னத் தூற்றல் ஒன்று விழுந்து காய்வதற்குள் மறுவிதைப்புக்கு ஒரு மூட்டை விதை எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.